தானமாய் வந்த நோய் – 7: வௌவால் கடித்த சேதி

சென்ற வாரம் ஜார்ஜியா மாநிலத்தில் நின்றோம். 2002 ஆகஸ்ட். உறுப்பு தானம் தந்த ஒருவரிடமிருந்து நான்கு பேருக்கு வெஸ்ட் நைல் வைரஸ் போய்ச் சேர்ந்தது. தானம் தந்தவருக்கோ, உயிரைக் காப்பாற்ற ஏற்றப்பட்ட ரத்தத்தின் வழியே அது வந்திருந்தது. அவருக்குப் போன ரத்தம் 63 பேருடையது. அந்த 63 பேரையும் தேடிப் போன புலனாய்வைப் பார்த்தோம்.

2003 கோடையில் அமெரிக்க ரத்த வங்கிகள் தானமாக வரும் ரத்தத்தில் வெஸ்ட் நைல் இருக்கிறதா என்று சோதிக்கத் தொடங்கின. ஒரு வாசல் அடைபட்டது.

அந்தச் சோதனை தொடங்கி ஓராண்டு முழுதாக ஓடவில்லை. அதற்குள் டெக்சாஸ் மாநிலத்தில் இன்னொரு வாசல் திறந்துகொண்டது. இந்த முறை உள்ளே வந்தது புதிய வைரஸ் அல்ல. மனிதன் அறிந்த நோய்களிலேயே மிகப் பழைய ஒன்று.

* * *

2004ஆம் ஆண்டு ஏப்ரல் முடிந்து மே பிறக்கும் நாட்கள். ஆர்க்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர், டெக்சாஸில் இரண்டு மருத்துவமனைகளுக்கு அடுத்தடுத்துக் கொண்டுவரப்படுகிறார். புத்தி தெளிவாக இல்லை. உடம்பில் லேசான காய்ச்சல்.

தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தக் கசிவு தெரிகிறது. மருத்துவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது. தடுமாற்றமா, ரத்தக் கசிவால். மயக்கமா, ரத்தக் கசிவால். லேசான காய்ச்சலா, அதுவும் அதனாலேயே இருக்கலாம். கண்ணெதிரே படத்தில் ஒரு காரணம் இருக்கும்போது, அதற்குப் பின்னால் இன்னொரு காரணம் ஒளிந்திருக்கக் கூடும் என்று யாருக்குத் தோன்றும்?

சேர்த்த 48 மணி நேரத்தில் கசிவு வேகமாகப் பெருகியது. மண்டையோட்டுக்குள் இடமில்லாமல் மூளை கீழ்நோக்கிப் பிதுங்கியது. அவர் இறந்தார்.

குடும்பத்தார் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தார்கள். இதை நான் வேகமாகக் கடந்துபோக விரும்பவில்லை. நேற்றுவரை நடமாடிக்கொண்டிருந்த மனிதர் இன்று இல்லை. இதயம் மட்டும் இயந்திரத்தின் துணையோடு துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில், முகம் தெரியாத யாரோ நான்கு பேர் பிழைக்கட்டும் என்று ஒரு குடும்பம் கையெழுத்துப் போடுகிறது. இந்தக் கதையில் இனி வரும் எதுவும் அந்தக் கையெழுத்தின் மேன்மையைக் குறைக்காது.

கையெழுத்தானதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். உடலிலிருந்து எடுத்த நுரையீரல் ஏறத்தாழ 6 மணி நேரம் தாங்கும். கல்லீரல் 12 மணி நேரம். சிறுநீரகம் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அதற்குள் பொருந்துபவரைக் கண்டுபிடித்து, மருத்துவமனைக்கு வரவழைத்து, அறுவை அரங்கை ஆயத்தம் செய்து, பொருத்தி முடிக்க வேண்டும்.

அந்த அவசரத்துக்குள்தான் சோதனைகளும் நடக்க வேண்டும். எய்ட்ஸ் வைரஸ், மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ் என்று ரத்தத்தில் ஒரு பட்டியல் பார்ப்பார்கள். குடும்பத்தாரிடம் ஒரு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு இறந்தவரின் உடல்நலம், பழக்கவழக்கம் பற்றிக் கேட்பார்கள். இவர் விஷயத்தில் எல்லாம் பார்த்தார்கள், கேட்டார்கள். உறுப்புகளை மறுக்கும்படி எதுவும் தட்டுப்படவில்லை.

* * *

மே 4.

நுரையீரல்கள் அலபாமா மாநிலத்துக்குப் போயின. அங்கே அவற்றைப் பெற்றவர் அறுவை சிகிச்சையின்போதே ஏற்பட்ட சிக்கலால் இறந்துபோனார்.

கல்லீரலும் இரண்டு சிறுநீரகங்களும் டாலஸ் நகரின் பேய்லர் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மூன்று பேருக்குப் பொருத்தப்பட்டன. கல்லீரல் முற்றிலும் செயலிழந்த ஒருவர். ரத்தக்கொதிப்பாலும் சர்க்கரை நோயாலும் சிறுநீரகங்களை இழந்த ஒரு பெண்மணி. சிறுநீரக வடிகட்டிகளில் தழும்பேறி அவற்றை இழந்த இன்னொருவர்.

கல்லீரல் பெற்றவர் ஐந்தாம் நாளே வீடு திரும்பினார். சிறுநீரகம் பெற்ற பெண்மணி ஏழாம் நாள். மூன்றாமவருக்குக் கொஞ்சம் தொல்லை இருந்தது. புதுச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் ஒன்று அடைபட்டு, அதன் கீழ்ப்பகுதி கெட்டது. இருந்தாலும் 12ஆம் நாள் அவரும் வீட்டுக்குப் போனார்.

டயாலிசிஸ் இல்லாத முதல் வாரம் எப்படியிருக்கும் என்று, வாரத்துக்கு மூன்று முறை அந்த நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பழகியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை அளக்காமல் குடிப்பதே அவர்களுக்குத் திருவிழா. அந்த மூன்று வீடுகளிலும் மே மாதத்தின் நடுப்பகுதி அப்படிப்பட்ட நாட்களாகத்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

* * *

21ஆம் நாள்.

கல்லீரல் பெற்றவர் மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார். கை நடுங்கியது. சாப்பாடு இறங்கவில்லை. சோர்ந்து சோர்ந்து படுத்தார். காய்ச்சல் இல்லை.

24 மணி நேரத்துக்குள் நிலைமை தலைகீழானது. மூச்சுவிடக் குழாய் போட வேண்டியதாயிற்று. முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளணுக்கள் சற்றே கூடியிருந்தன, புரதமும் கூடியிருந்தது. ஏதோ தொற்று. ஆனால் என்ன தொற்று? ஆறு நாள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை முழுவதும் அழற்சி பரவியிருந்தது.

25ஆம் நாள்.

சிறுநீரகம் பெற்ற பெண்மணி வலது விலாவுக்குக் கீழே வலி என்று வந்தார். குடல்வால் என்று கருதி அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். இரண்டு நாளில் உடம்பு முழுக்கத் தசைகள் துடிக்கத் தொடங்கின. மூளைப் படங்களில் கோளாறு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அவர் மங்கிக்கொண்டே போனார். வலிப்பு வந்தது, ரத்த அழுத்தம் சரிந்தது, மூச்சு நின்றது.

27ஆம் நாள்.

மூன்றாமவர் அவசரப் பிரிவுக்கு வந்தார். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. சொன்னது புரியாத நிலை.

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கு இப்படி வந்தால் மருத்துவர்களின் மனத்தில் ஓடும் பட்டியல் மிக நீளம். புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகள் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரைகளே நடுக்கத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கலாம். அடங்கிக் கிடக்கும் எதிர்ப்பாற்றலைப் பார்த்துப் பூஞ்சை வரலாம், ஹெர்பிஸ் வரலாம். டெக்சாஸில் கொசுக்காலம் வேறு தொடங்குகிறது, இரண்டாண்டுக்கு முன் ஜார்ஜியாவில் நடந்ததை யாரும் மறந்திருக்கவில்லை, ஆகவே வெஸ்ட் நைலாகவும் இருக்கலாம்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை.

ஜூன் மாதத்தில் மூவரும் இறந்தார்கள். மூவருக்கும் உறுப்பு வந்தது ஒரே மனிதரிடமிருந்து.

* * *

அட்லாண்டா நகரம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் தலைமையகம். அங்கே தொற்றுநோய்களுக்கான திசு ஆய்வுப் பிரிவை நடத்திவந்தவர் ஷெரீஃப் ஸாக்கி. எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் பிறந்தவர். பெயர் தெரியாத நோயால் யாரேனும் இறந்தால், அந்தத் திசுவின் ஒரு மெல்லிய சீவல் பெரும்பாலும் இவருடைய பிரிவின் நுண்ணோக்கிக்குக் கீழேதான் வந்து சேரும்.

டாலஸிலிருந்து மூளைத் திசுக்கள் வந்தன.

அந்தச் சீவலைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். முடியைவிட மெல்லிதாகச் சீவிய மூளைத் திசுவுக்கு நீலமும் இளஞ்சிவப்புமாக இரண்டு சாயங்கள் ஏற்றியிருப்பார்கள். நரம்பணுக்கள் பெரிது பெரிதாக, முக்கோணம் போலத் தெரியும். அணுவின் நடுவே உட்கரு. அதற்கு வெளியே, அணுவின் உடலுக்குள், சில அணுக்களில் மட்டும் உருண்டையாகவோ நீளுருண்டையாகவோ, சிவந்த, விளிம்பு தெளிவான பொட்டுகள். குங்குமத்தைச் சிறு ஊசிமுனையால் தொட்டு வைத்தது போல.

1903இல் இத்தாலியின் பாவியா நகரில் அடெல்கி நெக்ரி என்பவர் முதன்முதலில் விவரித்த பொட்டுகள் அவை. ஏதோ ஓர் ஒட்டுண்ணி என்றுதான் அவர் நினைத்தார். உண்மையில் அவை வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் பட்டறைகள். நெக்ரி உருக்கள் என்று நூறாண்டாக மருத்துவ மாணவர்கள் படித்துவரும் அவை, ஒரே ஒரு நோயின் கையெழுத்து.

ரேபிஸ். வெறிநாய்க்கடி நோய்.

மூவரின் மூளையிலும் அதே அடையாளம் இருந்தது. வைரஸின் புரதத்தைத் தேடிப்பிடிக்கும் சோதனைகளும் அதையே சொன்னன. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் வைரஸ் துகள்கள் தெரிந்தன. ஒருவரின் மூளைத் திசுவைப் பால்குடி மறக்காத எலிக்குட்டிகளுக்கு ஏற்றியிருந்தார்கள், 7 முதல் 10 நாட்களுக்குள் அவை செத்தன. தானம் தந்தவரின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது அதில் ரேபிஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது.

ஜூன் 30ஆம் தேதி சி.டி.சி. உறுதிசெய்தது. ஜூலை 1ஆம் தேதி உலகுக்கு அறிவித்தது. கல்லீரல், சிறுநீரகம் போன்ற திட உறுப்பின் வழியே ரேபிஸ் பரவியதாக அதற்கு முன் ஒரு பதிவும் கிடையாது.

* * *

ரேபிஸைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் ஒரு தலைமுறையையே தெருநாயைக் கண்டால் ஓட வைத்தது. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் அந்த ஊசி மருந்துக்காகவே நம் வீடுகளில் அறியப்பட்டது. உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடப்பவையே அவற்றில் மிகப் பெரும்பாலானவை, நாய் கடித்து வருபவை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுப் போட்டு, மனிதருக்கு வருவதை ஆண்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்ற அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். மருத்துவர் ஒருவர் முப்பது, நாற்பது ஆண்டு தொழில் பார்த்து ஓய்வு பெறலாம், ஒரு ரேபிஸ் நோயாளியைக்கூடப் பார்க்காமல். மிஞ்சியிருக்கும் அந்த ஒன்றிரண்டும் பெரும்பாலும் வௌவால் வழியே வருபவை. வௌவாலின் பல் மிகச் சிறியது. கடித்த இடம் கொசு கடித்த தடம் போலக்கூட இராது.

டாலஸில் இறந்தவர்களின் மூளையில் இருந்த வைரஸும் வௌவால்களிடம் காணப்படும் வகையைச் சேர்ந்தது என்று ஆய்வு காட்டியது.

அப்படியானால் தானம் தந்தவரை வௌவால் கடித்ததா? புலனாய்வாளர்கள் அவருக்கு நெருங்கியவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். பதில் கிடைத்தது. தன்னை ஒரு வௌவால் கடித்துவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார்.

சொல்லியிருக்கிறார்! அதுதான் என்னை இந்த அத்தியாயத்தை எழுதும்போது திரும்பத் திரும்ப நிறுத்தியது. அந்தச் சேதி ரகசியமாக இருக்கவில்லை. ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்குப் போயிருக்கிறது. மருத்துவமனைப் படியேறி, நோயாளிக் குறிப்பேட்டில் ஏறி, அங்கிருந்து உறுப்பு தானக் கேள்வித்தாளுக்கு வந்து சேர வேண்டிய ஒற்றை வரி. அது வந்து சேர்ந்தது, நோயாளிகள் இறந்த பிறகு.

நம் ஊர்களில் ஒரு பிள்ளை காய்ச்சலில் பிதற்றினால் பாட்டி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "நாய் கீய் ஏதாச்சும் கடிச்சுதாப்பா?" என்பதாக இருக்கும். அந்தக் கேள்வி அவர் பட்டறிவிலிருந்து வருகிறது, அவர் பார்த்த சாவுகளிலிருந்து வருகிறது. டெக்சாஸில் அந்தப் பட்டறிவு இல்லாமல் போனதற்குக் காரணம், அங்கே அந்தச் சாவுகளை ஒழித்துவிட்டார்கள் என்பது. ஒரு நாட்டின் பெரிய வெற்றியே அதன் மருத்துவர்களின் கண்ணில் ஒரு திரையைப் போட்டுவிட்டது.

* * *

இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. நாய் கடித்தால், எச்சில் புண்ணில் பட்டு வரும் நோய் இது. கல்லீரலுக்குள் எப்படி வந்தது?

ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் பயணம் செய்வதில்லை. அதனால்தான் ரத்தச் சோதனையில் அது சிக்குவதில்லை. கடித்த இடத்துத் தசையில் கொஞ்ச காலம் தங்கும். பிறகு அருகிலுள்ள நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு, நரம்பிழைக்குள்ளேயே ஊர்ந்து முதுகுத்தண்டை அடையும். அங்கிருந்து மூளை. இந்தப் பயணத்துக்கு வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் தடுப்பூசி போட்டால் பிழைக்கலாம் என்பதைத்தான் 1885இல் லூயி பாஸ்டர் உலகுக்குக் காட்டினார்.

மூளையைப் பிடித்த பிறகு வைரஸ் மறுபடி புறப்படுகிறது. இந்த முறை மூளையிலிருந்து வெளியே. உடம்பின் எல்லா உறுப்புக்கும் நரம்பு போகிறது. எச்சில் சுரப்பிக்குப் போகும் நரம்பின் வழியே எச்சிலுக்கு வருகிறது, நாய் அடுத்தவரைக் கடித்துப் பரப்புவது அதனால்தான். அதே நேரத்தில் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும்கூட நரம்புகளின் வழியே போய்விடுகிறது.

அறுவை மருத்துவர் அந்த உறுப்பை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தும்போது, அறுபட்ட நரம்பிழைகளும் கூடவே போகின்றன. கடியே இல்லாமல் வைரஸ் நேராக வயிற்றுக்குள் இறக்கி வைக்கப்படுகிறது. தடுக்க வேண்டிய எதிர்ப்பாற்றலையோ மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருக்கிறோம். டாலஸில் உறுப்பு பெற்ற மூவருக்கும் 30 நாட்களுக்குள் மூளைக்காய்ச்சல் கண்டது இதனால்தான்.

இதற்கு முன்னோட்டம் இல்லாமல் இல்லை. கண்ணின் கருவிழி மாற்றத்தில் இது நடந்திருந்தது. அமெரிக்காவில் 1978இல் முதலில் தெரியவந்தது. பிறகு ஃபிரான்சில் ஒருவர், தாய்லாந்தில் இருவர், ஈரானில் இருவர், இந்தியாவில் இருவர். 2004 வரை ஐந்து நாடுகளில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கு நடந்தது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது. உறுப்பு மாற்று அரங்கின் வாசல்வரை அந்த வரி வரவில்லை.

* * *

ஜூலை 1ஆம் தேதி அறிக்கை வெளியானதும் ஆர்க்கன்சாஸ், டெக்சாஸ், ஓக்லஹாமா, அலபாமா என நான்கு மாநிலங்களின் சுகாதாரத் துறைகள் ஓடின. இறந்தவர்களுக்குக் குழாய் போட்ட மருத்துவர், வாயைத் துடைத்துவிட்ட நர்ஸ், நெற்றியில் முத்தமிட்ட மனைவி, கையைப் பிடித்துக்கொண்டிருந்த மகன்... யார் மேல் எச்சில் பட்டது, யாருக்கு எங்கே கீறல் இருந்தது என்று ஒவ்வொருவராக விசாரித்துத் தேவைப்பட்டவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். துக்க வீட்டுக்குள் நுழைந்து, அழுதுகொண்டிருப்பவரிடம் இதைக் கேட்க வேண்டியிருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த அறிக்கையில் ஒரு வாக்கியம் இருந்தது. நுரையீரல்கள், சிறுநீரகங்கள், கல்லீரல் தவிர வேறு எந்த உறுப்போ திசுவோ இந்தத் தானதாரரிடமிருந்து எடுக்கப்படவில்லை.

ஆக, வட்டம் மூடிவிட்டது. நான்கு பேர் பெற்றார்கள். ஒருவர் அறுவை மேசையில் இறந்தார், மூவர் ரேபிஸால் இறந்தார்கள். இனி யாருமில்லை.

ஒரு வாரம்கூட நிம்மதி நீடிக்கவில்லை.

அதே மருத்துவமனையில் இறந்த மற்ற நோயாளிகளின் கோப்புகளையும் புரட்டியபோது ஒருவர் தட்டுப்பட்டார். அவரும் மே மாதத் தொடக்கத்தில் கல்லீரல் மாற்று செய்துகொண்டவர். அவரும் வீடு திரும்பி, ஒரு மாதத்துக்குள் மூளைக் கோளாறோடு வந்து, ஜூனில் இறந்தவர். அவருடைய மூளைத் திசுவைச் சோதித்தார்கள். ரேபிஸ்.

ஆனால் அவருடைய கல்லீரல் வேறொருவருடையது. அந்தத் தானதாரருக்கும் ஆர்க்கன்சாஸ் மனிதருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் எப்படி? பக்கத்துப் படுக்கையிலிருந்து பரவியதா? அறுவைக் கருவிகளில் ஒட்டிக்கொண்டு வந்ததா? அது உண்மையானால் அந்த மருத்துவமனையில் யாருமே பத்திரமாக இல்லை.

விடை ஒரு சிறு ஜாடிக்குள் இருந்தது.

உறுப்புகளை எடுக்கும்போது அறுவை மருத்துவர்கள் இடுப்புப் பகுதியில் ஓடும் தமனியிலும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்வது வழக்கம். சுண்டுவிரலைவிட மெல்லிய, சில சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய்த் துண்டு. தைத்து மிஞ்சிய துணியைத் தையற்காரர் எடுத்து வைப்பது போலத்தான். பொருத்தும்போது கல்லீரலின் ரத்தக்குழாய் நீளம் போதாமல் போகலாம், பெறுபவரின் குழாய் சுருங்கிக் கெட்டுப்போயிருக்கலாம். அப்போது இந்தத் துண்டை நடுவில் வைத்து, முடியைவிட மெல்லிய நூலால் இரு முனையிலும் தைத்துப் பாலம் போட்டுவிடுவார்கள். அன்று தேவைப்படவில்லையென்றால், உறுப்புகளைப் பதப்படுத்தும் திரவத்தில் போட்டு, ஜாடியை மூடி, குளிர்பெட்டியில் வைப்பார்கள். வேறு யாருக்காவது உதவும்.

உதவியது. நான்காமவரின் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகப் பாலம் தேவைப்பட்டது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தைத்த தமனித் துண்டு, ஆர்க்கன்சாஸ் மனிதருடையது.

தமனியின் சுவரைச் சுற்றி நரம்பிழைகள் கொடி போலப் படர்ந்திருக்கும். அந்தச் சில சென்டிமீட்டரில் படர்ந்திருந்த நரம்பிழைகள் போதுமாக இருந்தன.

ஜூலை 9ஆம் தேதி சி.டி.சி. இரண்டாவது அறிக்கையை வெளியிட்டது.

* * *

யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்தக் கதையில் இடமில்லை. அந்த மருத்துவர்கள் அன்றைய விதிகள் கேட்ட சோதனைகளைச் செய்தார்கள். ஆனால் தமனித் துண்டைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு கல்லீரல் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போனது என்பது மணிக்கணக்கோடு பதிவாகும். அதே உடலிலிருந்து அதே கையால் எடுத்த ரத்தக்குழாய் உதிரிச் சாமானாகக் கருதப்பட்டது. நாடு முழுவதும் எச்சரிக்கை பறந்த நாளில்கூட, அப்படி ஒன்று எடுக்கப்பட்டது அறிக்கை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மனித உடலில் உதிரிச் சாமான் என்று ஒன்று கிடையாது. பின்னாளில் அமெரிக்காவில் இந்த ரத்தக்குழாய்களை யாருக்குப் பயன்படுத்தினாலும் தெரிவிக்க வேண்டும், 14 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதிகள் வந்தன.

எல்லாத் தானதாரருக்கும் ரேபிஸ் சோதனை செய்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அப்போதும் கேட்டார்கள். உயிரோடிருப்பவரிடம் ரேபிஸைக் கண்டுபிடிக்க எச்சில், பிடரித் தோலில் ஒரு துண்டு, ரத்தம், முதுகுத்தண்டு நீர் எல்லாம் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆய்வகங்கள் அந்தப் பெரிய நாட்டிலேயே மிகச் சில. மாதிரியை அனுப்பி முடிவு வருவதற்குள் கல்லீரலின் 12 மணி நேரம் தீர்ந்துவிடும். அந்த ஆண்டு அமெரிக்காவில் உறுப்புக்காகக் காத்திருந்தவர்கள் 80,000 பேருக்கும் மேல். மிக அரிதான ஒரு நோய்க்குப் பயந்து கதவைச் சாத்தினால், வெளியே நிற்பவர்களில் எத்தனை பேர் சாவார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

ஆகவே எஞ்சியது கேள்வி கேட்பது ஒன்றுதான். காரணம் தெளிவாகத் தெரியாத மூளை நோயோடு இறந்தவரா? காய்ச்சல் இருந்ததா? ஏதேனும் மிருகம் கடித்ததா, கீறியதா? குடும்பத்தாருக்குத் தெரியாவிட்டால் கூடத் தங்கியிருந்தவர்களுக்குத் தெரியுமா? இதற்கு ஆய்வகம் வேண்டாம், பொறுமையாக உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். நள்ளிரவில், துக்கத்தின் நடுவில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி உட்கார்வது சோதனைக்குழாயைக் குலுக்குவதைவிடக் கடினம் என்பதை நான் மறுக்கவில்லை.

* * *

அர்ஜுன் சீனிவாசன் தலைமையில் சி.டி.சி. குழு எழுதிய முழுமையான ஆய்வுக் கட்டுரை 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 2005 மார்ச் 17ஆம் தேதி வெளியானது. உறுப்புகள் வழியே ரேபிஸ் பரவும் என்பதை உலக மருத்துவர்களுக்கு எச்சரித்த கட்டுரை அது.

கட்டுரை அச்சேறுவதற்கு ஒரு மாதம் முன்பே, பிப்ரவரியில், ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்துவிட்டது.

மைன்ஸ் நகரில் 2004 டிசம்பர் கடைசியில் ஓர் இளம்பெண் இறந்தார். அவருடைய உறுப்புகளும் இரு கருவிழிகளும் ஆறு பேருக்குப் போயின. அவர் சில மாதங்களுக்கு முன் இந்தியாவுக்கு வந்து திரும்பியவர்.

நுரையீரல் பெற்றவருக்கு ரேபிஸ். சிறுநீரகம் பெற்றவருக்கு ரேபிஸ். சிறுநீரகமும் கணையமும் சேர்த்துப் பெற்றவருக்கும் ரேபிஸ். மூவருமே பிழைக்கவில்லை. கருவிழி பெற்ற இருவருக்கு, பொருத்தியதை அவசரமாக எடுத்துவிட்டு ஊசி போட்டார்கள்.

ஆறாமவர் ஹைடெல்பெர்க் நகரில் இருந்தார். அவருக்குள் இருந்தது முழுக் கல்லீரல், ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு. கருவிழி போல அதைக் கழற்றி எடுத்துவிட முடியாது. டாலஸில் சில சென்டிமீட்டர் தமனியே ஓர் ஆளைக் கொன்றிருந்தது. இவருக்கும் எதிர்ப்பாற்றலை அடக்கும் அதே வகை மாத்திரைகள்தான். மருத்துவர்கள் ஒவ்வொரு காலையும் அவருடைய கை நடுங்குகிறதா என்று பார்த்தார்கள்.

நடுங்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. கல்லீரல் வேலை செய்தது, மனிதர் தெளிவாகப் பேசினார்.

அவருடைய ரத்தத்தில் அப்படி என்ன இருந்தது? அது எப்போது, எதற்காக அங்கே வந்தது?

(அடுத்த வாரம்)